மூன்றாம் மாடியில் மழை

“இதில எது நான் எழுதினது? அதை மட்டும் சொல்லுங்க, போதும்.”

தாணுமூர்த்தி தாள்கட்டை மேஜையில் வைக்கவில்லை. போட்டார்.

செலின் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. சீவல் சுருண்டு முதல் பக்கத்தின் மேல் விழுந்தது.

“எந்தப் பக்கம்?”

“கடைசி அத்தியாயம்.”

“எந்த வரி?”

“அது தெரிஞ்சா உங்ககிட்ட ஏன் வாறேன்?”

செலினின் மாடி வீட்டுக்குக் கீழே, மெக்கானிக் ஷெட்டில் யாரோ பைக்கை முறுக்கினார்கள்.

நாகர்கோவில் பக்கத்தில் எழுதுகிறவர்கள் புத்தகம் போடுவதற்கு முன்னால் செலினிடம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். கொடுத்தால் பக்கம் குறையும். அதற்காகத்தான் கொடுப்பார்கள். தாணுவின் நான்கு புத்தகங்களும் அவள் பென்சிலின் கீழே கிடந்து எழுந்தவை.

தாணு அவளைவிட ஒரு தலைமுறை மூத்தவர். அந்த மூப்பைப் படிக்கட்டின் அடியிலேயே விட்டுவிட்டுத்தான் மேலே ஏறுவார். செருப்பை மேலே, வாசலை ஒட்டிய கடைசிப் படியில் விடுவார். அங்கே கூரை கிடையாது.

“ஏஐ மெஷின்கிட்ட எழுதச் சொன்னேன்,” என்றார்.

“எல்லாருந்தான் சொல்றாங்க.”

“பகவதி போனதை எழுதச் சொன்னேன்.”

செலின் பென்சிலைக் கீழே வைத்தாள்.

தாணுவின் மனைவி பகவதி இறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களைப் பற்றித்தான் இந்த நாவல்.

“எழுத வரலை. தாளை எடுத்து உக்காந்தா கரண்ட் பில் கட்டணும்னு ஞாபகம் வருது. பால்காரன் ஞாபகம் வருது. அவ வரல. சரின்னு ஒருநாள் போனை எடுத்து வாயால சொல்ல ஆரம்பிச்சேன். நான் சொல்லச் சொல்ல அது எழுதிச்சு.”

“எப்படி எழுதிச்சு?”

“‘அவளது விழிகளில் ஓர் இனம்புரியாத அமைதி குடிகொண்டிருந்தது.’”

செலின் சிரித்துவிட்டாள்.

“நானும் சிரிச்சேன். போடா வெறும்பயலேன்னு சொன்னேன்.”

“அதுக்கு என்ன சொல்லிச்சு?”

“மன்னிப்பு கேட்டுது.”

“பரவாயில்லையே. உங்க சேக்காளி ஒருத்தரும் கேட்டதில்லை.”

தாணு அதைக் காதில் வாங்கவில்லை. “பிறகு நம்ம நாலு புத்தகத்தையும் அதுக்குப் படிக்கக் கொடுத்தேன்.”

“நம்ம?”

“என் புத்தகம்.”

“சரி. படிச்சிட்டு?”

“என்னை மாதிரியே எழுத ஆரம்பிச்சிட்டுது. சின்னச் சின்ன வரி. ஒரு வரியில ஆள் எந்திரிச்சா அடுத்த வரியில ஜன்னல் கிட்ட நிக்கான். நடுவுல ஒண்ணும் கிடையாது. என்னைவிட நல்லா என்னை மாதிரி எழுதிச்சு.”

“அதை அப்படியே எடுத்துப் போட்டீங்களா?”

“அப்படியே போடுவேனா? என் வரி மாதிரி இருந்ததையெல்லாம் பார்த்துப் பார்த்து மாத்தினேன். அது எழுதினதா இருக்கும்லா. என் வரி மாதிரி இல்லாததை, சரி, இது நான் எழுதினதுன்னு விட்டேன். பிறகு நான் எழுதினதை அதுகிட்டக் கொடுத்துத் திருத்தச் சொன்னேன். அது திருத்தினதை நான் திருத்தினேன்.” அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “நல்லா வந்துச்சு செலின். அதான் கஷ்டம்.”

“பழைய பிரதி இருக்கும்லா. பாத்தாத் தெரிஞ்சுபோகும்.”

“நான் என்னைக்குப் பழைய பிரதி வச்சேன்?”

செலினுக்கு அது தெரியும். தெரிந்துதான் கேட்டாள்.

சிறுபத்திரிகை நாட்களில் தாணுவும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். திருத்தல் தாளைப் பத்திரப்படுத்துகிறவன் தன் சிலைக்கு இப்போதே கல் தேடுகிறவன் என்று தாணு ஒரு கட்டுரையில் எழுதினார். அப்போது அவருக்கு மீசை சரியாக முளைத்திருக்கவில்லை. கூட்டாளிகள் பிறகு எல்லாவற்றையும் பத்திரப்படுத்தினார்கள். தாணு மட்டும் ஒவ்வொரு புத்தகம் முடிந்ததும் எல்லாத் தாளையும் வீட்டுப் பின்னால் போட்டுக் கொளுத்திவிட்டுக் குளித்துவிட்டு வந்து சாப்பிடுவார்.

இந்த முறை கொளுத்துவதற்குத் தாள் இல்லை. போனில் இருந்ததை முழுக்க அழித்தார். அழித்துவிட்டுக் குளித்தார்.

“நீங்க அதுகிட்டப் பேசினதையுமா?”

“எல்லாத்தையும்.”

“ம்.”

“பழக்கம்.”

செலின் தாள்கட்டைத் தன் பக்கம் இழுத்தாள். கடைசி அத்தியாயத்தைத் தேடி எடுத்தாள்.

“எல்லா வரிக்காகவும் நீங்க வரலை அண்ணாச்சி. ஒரு வரிக்காக வந்திருக்கீங்க. எந்த வரி?”

தாணு பார்க்காமலே சொன்னார்.

“‘செருப்ப எடுத்து உள்ள போடுங்க. மழை வருது.’”

நாவலில் அதைப் பகவதி சொல்கிறாள். கடைசி நாள் காலையில் கண்ணைத் திறந்து சொல்கிறாள். அதற்குப் பிறகு அவள் பேசுவதில்லை.

பிரதியைப் படித்த எல்லோரும் அந்த இடத்தில் அழுதார்கள். பதிப்பாளர் சாகுல் போன் போட்டு அழுதான். அழுது முடித்துவிட்டு, அந்த வரியைப் பின்னட்டையில் பெரிய எழுத்தில் போடப்போவதாகச் சொன்னான். இன்னொன்றும் சொன்னான். “மெஷின் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க அண்ணாச்சி. இப்பல்லாம் முதல் பக்கத்திலேயே அதைப் போட்டுத்தான் விக்கோம். வேற ஒரு பதிப்பகத்துல ஒரு ஆளு மாட்டிக்கிட்டு நாறிப்போச்சு.”

“சாகுலுக்கு என்னத்தையும் சொல்லிரலாம்,” என்றார் தாணு. “அது கிடக்கட்டும். அவ அப்படிச் சொன்னாளா, அது எழுதினதான்னு எனக்குத் தெரியல.”

“உங்களுக்கு ஞாபகம் இருக்கா இல்லையா?”

“இருக்கு. அவ உதடு காய்ஞ்சு கிடந்தது ஞாபகம் இருக்கு. அந்தக் குரல் இப்பவும் கேக்குது. ஆனா நடந்து வந்த ஞாபகமா, எழுதி வந்த ஞாபகமா? திருப்பித் திருப்பிப் படிச்சிருக்கேன்லா.”

அவர் தாள்கட்டின் ஓரத்தைத் தட்டி நேராக்கினார். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

“புத்தகம் போனா போகட்டும் செலின். அவ என்கிட்டக் கடைசியாப் பேசினதா இது ஒண்ணுதான் இருக்கு. இதுவும் அவ பேசாததுன்னா என் கையில என்ன இருக்கு?”

செலின் ஒரு வெள்ளைத் தாளையும் சீவின பென்சிலையும் அவர் பக்கம் தள்ளினாள்.

“அந்தப் பக்கத்தைப் பாத்து எழுதுங்க.”

அது அவளுடைய முறை. எந்த வரி மோசம் என்று அவள் வாயால் சொல்லமாட்டாள். எழுதினவரையே உட்காரவைத்துக் கையால் திரும்ப எழுதச் சொல்வாள். கை எங்கே தயங்குகிறதோ அங்கே பார்ப்பாள். பிறகு இருவரும் சேர்ந்து அந்த வரியை எடுத்துவிடுவார்கள்.

தாணு எழுதினார். இரண்டு பத்தி ஓடியது. ‘செருப்ப’ என்பதற்கு முன்னால் கை நின்றது.

“நின்னுட்டுது,” என்றார்.

“பாத்தேன்.”

“அப்போ அது என் வரி இல்லை.”

“மேல எழுதுங்க.”

எழுதினார். ‘செண்பகம் வாங்கிவந்த காப்பி ஆறியிருந்தது’ என்ற இடத்தில் கை மறுபடியும் நின்றது. அது அவருடைய வரிதான். பஸ் டிக்கெட்டின் பின்னால் கிறுக்கிய வரி. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பஸ். அதில் சந்தேகமே இல்லை.

“இங்கயும் நிக்குது.”

“ஆமா.”

“என்ன அர்த்தம்?”

“பென்சில் மழுங்கியிருக்கும். கொண்டாங்க.”

வாங்கிச் சீவினாள். நிதானமாகச் சீவினாள். தாணுவுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. செலின் உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்தாள். அவர் வாங்கிக்கொண்டார்.

“உங்க ரெண்டாவது புத்தகத்தோட கடைசி வரியைச் சொல்லுங்க,” என்றாள்.

“அது எதுக்கு இப்போ?”

“சொல்லுங்களேன்.”

அதைச் சொல்ல அவர் யோசிக்க வேண்டியதில்லை. எந்த ஊருக்குப் பேசப் போனாலும் யாராவது ஒருவர் அந்த வரியைச் சொல்லிக்கொண்டேதான் கைகொடுப்பார்.

“‘அவன் விளக்கை அணைக்கவில்லை. வெளியே போய் நின்று தன் வீட்டைப் பார்த்தான்.’”

“யாரு எழுதினது?”

“யாரு எழுதினதுன்னா? நான்தான்.”

செலின் மேஜையில் கிடந்த பென்சில் சீவலை ஊதித் தள்ளினாள்.

“நான்தானே?”

“நீங்க எழுதினது, ‘விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தான்.’”

தாணு சிரித்தார். பாதியில் சிரிப்பை விட்டார். பழைய மெய்ப்புத் தாளின் ஓரம் மனதில் தெரிந்தது. சின்ன எழுத்தில் ஒரு பென்சில் வரி. அதை அவர் படித்தது தெரிந்தது. சரிதான் என்று தோன்றியது தெரிந்தது. மறுநாள் அது அவருடைய வரியாகிவிட்டது. நன்றி சொன்ன மாதிரி ஞாபகம் இல்லை.

“ஏன் இத்தனை வருஷமா சொல்லல?”

“நீங்க கேக்கலையே.”

“எத்தனை மேடையில சொல்லியிருப்பேன்!”

“நல்லாத்தான் சொல்வீங்க. நானே ரெண்டு தடவை கை தட்டியிருக்கேன்.”

தாணுவுக்குச் சட்டென்று ஒன்று பிடிபட்ட மாதிரி இருந்தது. முன்னால் சாய்ந்தார்.

“அப்போ மெஷினும் நீங்களும் ஒண்ணு. இதைத்தானே சொல்ல வாறீங்க?”

செலின் எழுந்தாள். அவர் கையில் பாதி டீயோடு இருந்த தம்ளரை வாங்கினாள். உள்ளே போனாள். தொட்டியில் அவள் அதைக் கொட்டுகிற சத்தம் கேட்டது.

“போயிட்டு வாங்க அண்ணாச்சி,” என்றாள், உள்ளே இருந்தபடியே.

அவர் வெளியே வந்தார். பேசிக்கொண்டிருந்ததில் ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது தெரியவில்லை. செருப்பு இரண்டும் ஊறிக் கிடந்தன. காலை நுழைத்து, படிக்குப் படி சளக் சளக் என்று இறங்கிப் போனார்.

*

டீயைக் கொட்டினதுக்கு என்ன அர்த்தம்?

மெஷினும் அவளும் ஒன்றுதான் என்றால் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஒன்று இல்லை என்றால் கோபப்பட்டுக் கத்தலாம். குடித்துக்கொண்டிருக்கிற டீயை வாங்கிக் கொட்டுவது எந்தக் கணக்கில் சேர்த்தி?

கொடுத்தது அவள், அதனால் எடுத்துக்கொள்ளவும் அவளால் முடியும் என்கிறாளா? இல்லை, தன் வீட்டில் இனிமேல் டீ கிடையாது என்கிறாளா?

மூன்று நாள் தாணு இதை வைத்துக்கொண்டு நடந்தார். ஷேவ் செய்யும்போது கன்னத்தில் வெட்டிக்கொண்டார்.

நாலாம் நாள் செண்பகத்தின் வீட்டுக்குப் போனார். செண்பகம் பகவதியின் தங்கை. அன்றைக்குக் காலையில் ஆஸ்பத்திரியில் கூட இருந்தவள் அவள்தான்.

“அக்கா கடைசியா என்ன சொன்னா, செண்பகம்?”

“என்ன அத்தான், வந்ததும் வராததுமா. உக்காருங்க.”

“சொல்லேன்.”

“செருப்பை எடுத்து உள்ள போடச் சொன்னா. மழை வருதுன்னு.”

தாணுவின் மார்புக்குள் கிடந்த ஏதோ ஒன்று இறங்கி உட்கார்ந்தது. அவரும் உட்கார்ந்தார்.

“நீ கேட்டியா? உன் காதால?”

“கேட்டேனே. கட்டில் பக்கத்துல நிக்கேன். நீங்க ஜன்னல் கிட்ட நிக்கீங்க.”

அவர் நிமிர்ந்தார். ஜன்னல் கிட்ட அவர் நின்றது நாவலில்தான். அன்றைக்கு எங்கே நின்றார் என்பதே அவருக்கு ஞாபகம் இல்லை.

“நாவலைப் படிச்சியா?”

“சாகுல் அண்ணன் அனுப்பிக் கொடுத்தாருல்லா. ரெண்டு மட்டம் படிச்சேன் அத்தான். அந்த இடம் வந்தா கண்ணு மறைச்சிருது.”

“படிக்கதுக்கு முன்னாலயே உனக்கு அது ஞாபகம் இருந்துச்சா?”

“எது?”

“அக்கா அப்படிச் சொன்னது.”

செண்பகம் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள்.

“முன்னால நான் அதை நினைக்கவே இல்லையே அத்தான்.”

“நினைக்கலையா, இல்ல, தெரியாதா?”

“இருந்தேன்லா நான் அங்க. இருந்தேனே.” அவள் குரல் இறங்கியது. “காப்பி வாங்கப் போனது அதுக்கு முன்னாலயா, பின்னாலயா?”

“காப்பி ஆறியிருந்தது,” என்றார் தாணு.

“அப்போ முன்னாலதான்.” சொல்லிவிட்டுச் செண்பகம் அழ ஆரம்பித்தாள். “ஏன் அத்தான் இப்படிக் கேக்கீங்க? எனக்கு இருந்ததையும் பிடுங்கிட்டுப் போகவா வந்தீங்க?”

அவளைச் சமாதானப்படுத்திவிட்டுக் கிளம்ப மதியம் ஆகிவிட்டது.

*

“டீயை ஏன் கொட்டினீங்க?”

மாடி ஏறி வந்து உட்கார்ந்ததும் தாணு அதைத்தான் கேட்டார்.

“ஈ விழுந்திருந்துச்சு,” என்றாள் செலின்.

“நெசமாவா?”

அவள் யாருடைய கவிதைத் தொகுப்பிலோ ஒரு முழுப் பக்கத்துக்குக் குறுக்கே கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கோடு முடிந்தபிறகு அவரைப் பார்த்தாள்.

“கன்னத்துல என்ன?”

“ஒண்ணுமில்லை.”

அவர் செண்பகத்தைப் பார்க்கப் போனதைச் சொன்னார். அவள் அழுததையும் சொன்னார்.

“மெஷின்கிட்டயே கேட்டிருக்கலாம்லா.”

“கேட்டேன். வரியைப் போட்டு, இது நான் சொன்னதா நீ சொன்னதான்னு கேட்டேன். பழைய பேச்சு எதுவும் எங்கிட்ட இல்லைன்னு சொல்லிச்சு. உண்மைதான், நான்தானே அழிச்சேன்.”

“அவ்வளவுதானா?”

“மனதைத் தொடும் வரி, வேணும்னா இன்னும் மெருகேத்தித் தாறேன்னுச்சு.”

செலின் சிரிக்கவில்லை. “மெருகேத்திப் பாத்தீங்களா?”

“போனை வச்சிட்டேன்.”

வெளியே வெயில் மங்கியிருந்தது. தாணு நாற்காலியை மேஜைக்குப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். குரலைத் தணித்தார்.

“ஆனா நான் ஒண்ணு கண்டுபிடிச்சிட்டேன் செலின். வரும்போது பஸ்ல தோணுச்சு. ஆஸ்பத்திரியில அவ வார்டு மூணாவது மாடி. செருப்பெல்லாம் வராந்தாவுல கிடக்கும். சுத்திக் கண்ணாடி போட்ட வராந்தா. மழை எப்படி உள்ள வரும்? செருப்பு எப்படி நனையும்?”

“நனையாது.”

“நனையாதுல்லா? அப்போ அந்த வரி தப்பு. மூணாவது மாடின்னு நாவல்ல எங்கயும் கிடையாது. நான் அதைச் சொல்லலை. அதுக்குத் தெரியாது. தெரியாமத்தான் வாசல்ல செருப்பு, வெளியே மழைன்னு எழுதியிருக்கு. தப்பைப் பாத்தாத் தெரியுது, அது எழுதினதுதான்.”

அவர் முகத்தில் ஒரு மாதிரிச் சந்தோஷம் இருந்தது. திருடனைப் பிடித்துவிட்டு, திருடுபோனது தன் வீடு என்பது இன்னும் உறைக்காதவன் மாதிரி.

“சரி,” என்றாள் செலின்.

“சரிதானே?”

“மதினிக்கு அன்னைக்கு நினைவு எப்படி இருந்துச்சு?”

கீழே ஒரு ஸ்கூட்டர் கிளம்பப் பார்த்து, இருமி, நின்றது.

“தெளிவா இருந்தாங்களா?”

“இல்லை,” என்றார் தாணு. “வீட்ல இருக்கதாத்தான் நினைச்சிட்டிருந்தா. முந்தின நாள், அடுப்பை அணைச்சாச்சான்னு கேட்டா. அணைச்சிட்டேன்னு சொன்னேன்.”

“வீட்ல வாசல்ல மழை விழுமா?”

“விழும்.”

“அப்போ?”

“அப்போ அவளும் சொல்லியிருக்கலாம்.”

மூன்றாம் மாடியில் செருப்பு நனையும் என்று நினைக்க இரண்டு பேரால் முடியும். அந்த இடத்தைப் பார்த்தே இராத ஒன்று. அந்த இடத்தில் கிடந்தும் அங்கே இல்லாத ஒருத்தி. தாணு இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். இரண்டும் ஒரே குரலில் ஒரே வரியைச் சொல்லின.

“வீட்ல இருக்கும்போது அப்படிச் சொல்வாங்களா? செருப்பை எடுங்கன்னு?” செலின் கேட்டாள்.

“சொன்னதே இல்லை.”

“ஒரு தடவைகூட?”

“இல்லையே. அவளே எடுத்து வச்சிருவா. மழைன்னா முதல்ல கொடித்துணி, பிறகு செருப்பு. அவ இருந்தவரை என் செருப்பு நனைஞ்சு நான் பாத்ததே இல்லை. எப்படி நனையாம இருக்குன்னு யோசிச்சதும் இல்லை. காலையில எந்திரிச்சா காய்ஞ்சு கிடக்கும், போட்டுக்கிட்டுப் போவேன்.”

நிறுத்தினார்.

“என்கிட்டச் சொல்ல வேண்டிய தேவையே அவளுக்கு வரலை,” என்றார். பிறகு, யாரிடமும் இல்லாமல், “அன்னைக்கு அவளால எந்திரிக்க முடியாதுல்லா.”

செலின் கவிதைத் தொகுப்பை மூடி வைத்தாள்.

“அவ சொன்னதுதான்,” என்றார் தாணு. “அவதான். செலின், அவதான் சொல்லியிருக்கா.”

“ம்.”

“என்ன ம்?”

“ஒண்ணுமில்லை.”

தாணு அவள் முகத்தையே பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. மெல்ல அவர் முகம்தான் மாறியது.

“இதை நான் அதுகிட்டச் சொல்லியிருப்பேனோ?”

“எதை?”

“அவ செருப்பை எடுத்து வைக்கதை.”

“சொன்னீங்களா?”

“தெரியலையே. என்னென்னமோ சொன்னேன். அவ மீன் வாங்குறது, கோலம் போடுறது, கொடியில துணி காயப்போடுறது. கேட்டுக்கிட்டே இருக்கும்லா அது. மனுஷன்னா நடுவுல எந்திரிச்சுப் போவான்.” அவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். “வரியை எடுத்திரட்டுமா?”

“எடுங்க.”

பென்சிலை வாங்கினார். முனையை ‘செருப்ப’ என்பதன் மேல் வைத்தார். அது அங்கேயே நின்றது.

“வச்சிரட்டுமா?”

“வைங்க.”

பென்சிலை எடுக்கவும் முடியவில்லை.

“ஏதாவது ஒண்ணு சொல்லுங்களேன்!”

போன் அடித்தது. சாகுல். தாணு ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தார்.

“அண்ணாச்சி, அட்டை அச்சுக்குப் போகுது. பிரஸ்ஸுலதான் நிக்கேன். அந்த ஒரு வார்த்தை சொன்னா முதல் பக்கத்தையும் அனுப்பிருவேன்.”

“என்ன வார்த்தை?”

“எல்லாத்துக்கும் போடுறதுதான். ‘இந்நூல் முழுக்க மனிதரால் எழுதப்பட்டது.’”

தாணு பென்சில் முனையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “தெரியலன்னு போடு.”

“என்னது?”

“எது யாரு எழுதினதுன்னு எழுதினவனுக்கே தெரியலன்னு போடு.”

பிரஸ்ஸின் இரைச்சலுக்கு மேலாகச் சாகுல் குரலை உயர்த்தினான்.

“அண்ணாச்சி, தெரியலன்னா எல்லாரும் இல்லைன்னுதான் போடுவாங்க. அதான் வழக்கம்.”

“எனக்குத் தெரியலடே.”

“விளையாடாதீங்க. அப்படிப் போட்டா ஒரு லைப்ரரி எடுப்பானா? இது உங்க அஞ்சாவது புத்தகம். எத்தனை வருஷம் கழிச்சு வருது! இன்னைக்குப் போகலேன்னா கண்காட்சிக்கு வராது. அதுக்குப் பிறகு யாரு கேப்பா?”

“வராட்டா வராண்டாம்.”

“பக்கத்துல செலினக்கா இருக்காங்களா? அவங்க சொல்லிக் கொடுத்தாங்களா இதை?”

“நான் ஒண்ணும் சொல்லல சாகுல்,” என்றாள் செலின்.

“அதான் தெரியுமே. நீங்க ஒண்ணும் சொல்லாமத்தான் எல்லாரையும் கெடுக்கீங்க.” சாகுல் மூச்சுவிட்டான். பிரஸ்ஸுக்குள் யாரிடமோ நிறுத்து நிறுத்து என்று சொன்னான். பிறகு வேறு குரலில் கேட்டான். “அண்ணாச்சி, நான் அழுதேனே. எங்க வாப்பா போனப்ப அழாதவன் அதைப் படிச்சிட்டு அழுதேன். அதை இப்போ என்ன செய்யச் சொல்லுதீங்க?”

தாணு செலினைப் பார்த்தார். செலின் போனைப் பார்த்தாள்.

“தெரியல சாகுல்,” என்றார் தாணு.

“வச்சிருதேன்.”

போன் அணைந்தது. அறைக்குள் வெளிச்சம் குறைந்திருந்தது. மேஜை மேல் தாள்கள் ஒரு ஓரமாகப் படபடத்தன. செலின் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்து அவற்றின் மேல் வைத்தாள்.

“புத்தகமும் போச்சு,” என்றார் தாணு. “இப்போ நான் என்ன செய்யணும்?”

“வாசிங்க.”

“எதை?”

“கடைசி அத்தியாயத்தை. எல்லாரும் படிச்சிட்டாங்க. நான் இன்னும் கேக்கலை.”

“கேட்டுச் சொல்வீங்களா, எதுன்னு?”

“வாசிங்க அண்ணாச்சி.”

அவர் தாளை எடுத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார். வாசித்தார்.

முதல் பத்தியில் குரல் தடுமாறியது. பிறகு நேரானது. செண்பகம் காப்பி வாங்கி வந்தாள். காப்பி ஆறியது. நர்ஸ் வந்து பாட்டிலைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அவன் ஜன்னல் கிட்ட நின்றான். பகவதியின் கை போர்வையின் ஓரத்தைத் தேடியது, கண்டுபிடித்தது, விட்டது.

செலின் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கீழே ஷெட்டில் வண்டிகளை உள்ளே தள்ளுகிற சத்தம் கேட்டது. யாரோ யாரையோ சீக்கிரம், சீக்கிரம் என்றார்கள். காற்று ஒருமுறை கதவைத் தள்ளித் திறந்தது. வாசலுக்கு வெளியே படி இருண்டு கிடந்தது.

“‘அவள் கண்ணைத் திறந்தாள்,’” என்று தாணு வாசித்தார். “‘அவனைப் பார்த்தாள்.’”

தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார். வெளியே போனார். குனிந்து தன் செருப்பை எடுத்தார். பக்கத்தில் செலினுடைய செருப்பு கிடந்தது. அதையும் எடுத்தார். இரண்டு ஜோடியையும் உள்ளே கொண்டுவந்து கதவுக்குப் பின்னால் வைத்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

வந்து உட்கார்ந்து, அந்த வரியைத் தாண்டி அடுத்த வரியிலிருந்து வாசித்தார்.